படகுத் தண்ணீருக்கு ஊற்றிய மருந்து

படகில் ஏறியதும் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நான் குனிந்து இன்ஜின் பெட்டியைத் திறந்து, அடியில் எத்தனை விரல் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று பார்ப்பேன். எங்களுடையது ஃபைபர் படகு. இன்ஜினிலிருந்து பின்பக்க விசிறிக்குப் போகிற இரும்புத் தண்டு வழியாக எப்போதும் கொஞ்சம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது அடியில் தேங்கி, டீசலும் பழைய ஆயிலும் கிரீஸும் சேர்ந்து கறுப்பாகக் கிடக்கும். பாதியாக வெட்டிய ஆயில் டப்பாவால் அதை மொண்டு ஆற்றில் ஊற்றுவது இன்ஜின் பார்க்கிறவன் வேலை. இன்ஜின் பார்க்கிறவன் நான். படகு என் மனைவியின் அண்ணனுடையது, அதாவது என் மச்சானுடையது.

முகத்துவாரக்குப்பத்தில், எண்ணூர் ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, எங்கள் படகுகள் கட்டிக் கிடக்கும். கடல் ஏறினால் தண்ணீர் உள்ளே வரும், வற்றினால் வெளியே போகும். மற்றபடி பெரிய குளம் போல அசையாமல் நிற்கும். அதில் ஒரு டப்பா கறுப்புத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததில்லை. ஊற்றியதும் மேலே நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு மினுக்கம் விரியும். சின்ன வயதில் அழகாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் கரையில் ஒரு போர்டு நட்டிருந்தார்கள். படகில் சேரும் எண்ணெய் கலந்த தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது, நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் காணப்பட்டால் சம்பந்தப்பட்ட படகின் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு நீல டிரம். அதில்தான் ஊற்ற வேண்டுமாம்.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதி வைத்ததைப் பார்த்தாலே எனக்குப் பயம். போர்டை நாலு தரம் படித்தேன். "நடவடிக்கை" என்றால் என்ன, அபராதமா, படகையே பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா, அது ஏன் அதில் எழுதியில்லை? எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்றால் பெரிதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. என் டப்பாவால் மச்சானின் படகு போய்விட்டால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

மச்சான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, பரீட்சையா? உத்து உத்து படிச்சிகினு கீறே."

"மச்சான், நடவடிக்கைன்னு போட்டுகீது."

"எத்தினி போர்டு நட்டாங்க, எத்தினி போர்டு துருப்புடிச்சி வுழுந்துச்சி. வா, வலைய மடி."

அவர் அப்படித்தான். நான் இரண்டு வாரம் ஒழுங்காக டிரம்மில் ஊற்றினேன். மற்ற படகுக்காரர்களும் ஊற்றினார்கள். டிரம் நிறைந்தது. எடுத்துப்போக யாரும் வரவில்லை. பிறகு ஒரு மழை பெய்தது. டிரம் வழிந்து, ஆற்றில் நாங்கள் ஊற்றியிருந்தால் எவ்வளவு போயிருக்குமோ அவ்வளவும் மணலில் இறங்கி ஆற்றுக்கே போனது. அதன் மூடியை யாரோ வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

திரும்பவும் ஆற்றிலேயே ஊற்ற ஆரம்பித்தோம். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போர்டு நட்ட ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தேடியது அந்த மினுக்கத்தை. அவர்கள் வரும் வண்டிச் சத்தம் கேட்டாலே டப்பாவை வலைக்கு அடியில் மறைத்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் என் மனைவி மீன் குழம்பு வைத்த சட்டியை விளக்கிக்கொண்டிருந்தாள். சட்டியில் தண்ணீர் விட்டதும் எண்ணெய் வட்டம் வட்டமாக மேலே வந்து நின்றது. பாத்திரம் விளக்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டாள். வட்டமெல்லாம் ஓடிப் போய் ஒளிந்துகொண்ட மாதிரி காணாமல் போனது. எத்தனை வருடமாகப் பார்க்கிற காட்சி! அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அத்த கொஞ்சம் குடேன்" என்றேன்.

"எத்த? சட்டியவா? வெளக்கப் போறியா? அதிசயந்தான்."

"லிக்விட்ட."

படகுக்கு எடுத்துப் போய் டப்பாவில் இருந்த கறுப்புத் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றி, கட்டையால் கலக்கி, ஆற்றில் விட்டேன். பால் மாதிரி ஒரு மேகம் எழுந்து கீழே இறங்கியது. மேலே ஒன்றுமில்லை. நீலமில்லை, ஊதாவில்லை. இன்னொரு டப்பா ஊற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மச்சான் எட்டிப் பார்த்தார். "டேய் மாப்ள! இன்னாடா மந்திரம் பண்ணே?"

ஒரு வாரத்தில் கரை முழுக்கப் பரவிவிட்டது. யாரோ அதற்கு "மருந்து" என்று பெயர் வைத்தார்கள். "மருந்து ஊத்திட்டியா?" என்று ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்துவார்கள். பக்கத்துப் படகுக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "எத்தினி மூடிப்பா?" என்று கேட்டார். "டப்பாக்கு ரெண்டு. கிரீஸ் ஜாஸ்தியா இருந்தா மூணு" என்றேன், ஊசி போடுகிற டாக்டர் மாதிரி. வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் நாலு பேர் வந்து ஒரு விஷயம் கேட்டுப் போனார்கள். பார்க்க வந்த இரண்டு பேரும் கரை சுத்தமாக இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதோடு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் நிம்மதி ஒத்துக்கொள்ளாதே. ஒரு காலை கடலில் வலை போட்டுக் காத்திருக்கும்போது சும்மா ஒரு கேள்வி வந்தது. எண்ணெய் எங்கே போனது? ஆவியாகப் போகவில்லை. சோப்பு அதைத் தின்றுவிடாது. சட்டியில் இருந்த எண்ணெய் சாக்கடைக்குப் போனது, அது தெரியும். டப்பாவில் இருந்தது? மச்சானிடம் கேட்டேன்.

"போச்சி இல்ல? போனத்த ஏன் தேட்றே? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

சரி என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் மனைவியின் நண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பதினைந்து வயதிலிருந்து கையால் இறால் பிடித்துவந்தவள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போடுவாள். பறி என்பது ஓலையில் முடைந்த பை. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பல வருடம் உட்கார்ந்து அவளுடைய வலது முட்டி போய்விட்டது. டாக்டர் தண்ணீரில் இறங்காதே என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நண்டுப் பெட்டி.

ஓடு கழற்றிப் புதிதாக ஓடு போட்ட சேற்று நண்டு உள்ளே சதை இல்லாமல் தண்ணீராக இருக்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நண்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஆற்றிலேயே மிதக்கவிட்டு, தினம் காரப்பொடி என்கிற சின்ன மீனை நறுக்கிப் போட்டால், மூன்று நாலு வாரத்தில் கல் மாதிரி கெட்டிப்பட்டுவிடும். முட்டியை மடக்காமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். பெட்டிகளைப் படகுத்துறையிலேயே, மூங்கில் நட்டுக் கட்டியிருந்தாள். பத்துப் பேர் நடமாட்டம் இருக்கிற இடம், திருடு போகாது.

மருந்து வந்த நாலாவது வாரம் நண்டுகள் சாக ஆரம்பித்தன.

சேற்று நண்டு சுலபத்தில் சாகாது. ஈரச்சாக்கில் கட்டி மூலையில் போட்டால்கூட நாலு நாள் முறைத்துக்கொண்டு கிடக்கும். அது தண்ணீரிலேயே, தீனி பக்கத்திலேயே இருக்க, காலை விரித்துக்கொண்டு செத்துக் கிடந்தது. முதல் நாள் இரண்டு. மறுநாள் மூன்று. என் மனைவி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அடிவயிற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக் கீழே வைத்தாள். அழவில்லை. "மறுபடி பறியத்தான் கடிக்கணும் போல கீது" என்று மட்டும் சொன்னாள்.

குப்பம் முழுக்க ஒரே பேச்சு: மேலே கம்பெனிகள் பக்கத்திலிருந்து வருகிற வெந்நீர்தான். அது புதுப் பேச்சு இல்லை. ஆற்றின் மேல்பக்கம் ஒரு வாய்க்காலில் சூடாகத் தண்ணீர் வந்து விழும். எந்தக் கம்பெனியுடையது என்று எனக்குத் தெரியாது; குழாயின் மேல் பெயர் எழுதியிருப்பதில்லை. குப்பத்துத் தலைவர் என் மனைவியிடம் வந்தார்.

"வியாழக்கிழம ஆத்துத் தண்ணிய பாக்க ஆபீசருங்க வராங்க. செத்த நண்ட தூக்கிப் போட்றாதம்மா. ஐஸ்ல வையி. பிளாஸ்டிக் டப்புல போட்டு அவங்க முன்னாடி கொட்டலாம். இத்த விட இன்னா சாட்சி வோணும்?"

அவள் ஐஸில் வைத்தாள். நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு எதையும் எண்ணி, வரிசைப்படுத்திப் பார்க்கிற வியாதி உண்டு. கேஸ் மூடினேனா, பூட்டு போட்டேனா, படகுக் கயிற்றில் எத்தனை முடிச்சு என்று. அந்த வியாதியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பெட்டிகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒரு முனை மேல்பக்கம் பார்த்தது, அதாவது வெந்நீர் வருகிற பக்கம். மறு முனை படகுகளை ஒட்டியிருந்தது. வெந்நீர்தான் காரணம் என்றால் மேல்முனைப் பெட்டி முதலில் செத்திருக்க வேண்டும். ஆனால் முதலில் செத்தது படகுப் பக்கத்துப் பெட்டி. பிறகு அதற்கடுத்தது. பிறகு அதற்கடுத்தது. மேல்முனையில் இருந்த நாலும் இன்னும் உயிரோடு கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன.

படகுப் பக்கம் என்ன இருக்கிறது? நாங்கள் இருக்கிறோம். டப்பா இருக்கிறது.

அந்த நினைப்பு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அதை மறக்கப் பார்த்தது. இரண்டாவது, ஐந்து பழைய பெயின்ட் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவியது.

ஒன்றில் வெறும் ஆற்றுத் தண்ணீர். இரண்டாவதில் ஆற்றுத் தண்ணீரோடு ஒரு கரண்டி கறுப்புத் தண்ணீர், மருந்து இல்லாமல். மூன்றாவதில் அதே ஒரு கரண்டி, மருந்தோடு. நாலாவதில் மருந்து மட்டும். ஐந்தாவதுக்கு சைக்கிளில் மேல்பக்கம் போய் வாய்க்கால் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வந்து, ஆறவைத்து ஊற்றினேன். வலையில் அகப்பட்ட பொடி இறாலில் உயிருள்ளதாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஆறு விட்டேன். வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைத்துவிட்டு பக்கத்திலேயே குந்திக்கொண்டேன்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது, இறாலுக்கு ஆஸ்பத்திரி வச்சிகீறியா?"

"சும்மா."

"சும்மாக்கு யாராவது அஞ்சி பக்கெட்டு வெப்பாங்களா?"

உள்ளே போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் பயத்தோடு ஒரு ஆவலும் இருந்தது. எது முதலில்? எண்ணெய் மினுங்குகிற இரண்டாவது பக்கெட்தான் பார்க்கப் பயங்கரமாக இருந்தது. மூன்றாவது கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். யாரைக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் கெட்ட தண்ணீர் என்று சொல்வார்கள்.

மூன்றாவது பக்கெட்டில்தான் முதலில் ஒரு இறால் மல்லாக்கத் திரும்பியது. பிறகு துள்ளியது, பக்கவாட்டில் சாய்ந்தது. மத்தியானச் சோற்றுக்குள் ஆறும் முடிந்துவிட்டன. மருந்து மட்டும் ஊற்றிய நாலாவதில் சாயங்காலத்துக்குள் பாதி போயின. வாய்க்கால் தண்ணீரில் இருந்தவை அன்றைக்குச் சாகவில்லை, ஆனால் தொட்டாலும் நகராமல் சோர்ந்து கிடந்தன. மறுநாள் காலையில் இரண்டு செத்திருந்தன. மினுங்குகிற இரண்டாவதில் ஒன்றுதான் செத்தது. மற்ற ஐந்தும் மினுக்கத்துக்கு அடியில், பக்கெட்டின் தரையில் நடந்துகொண்டிருந்தன. அடியில்! அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிபட்ட மாதிரி இருந்தது. எண்ணெய் மேலே இருந்தவரை அது மேலே இருந்தது. நான்தான் அதை உடைத்துக் கீழே அனுப்பியிருக்கிறேன், நண்டு இருக்கிற இடத்துக்கு.

ஒரு தடவை தப்பாக இருக்கலாம் என்று இன்னும் இரண்டு தடவை செய்தேன். கொஞ்சம் முன்னே பின்னே, மூன்றாவது பக்கெட்தான் எப்போதும் முதலில்.

புதன்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள் அரிவாள்மனையில் காரப்பொடி நறுக்கிக்கொண்டிருந்தாள். மீதி நாலு நண்டுக்குத் தீனி. நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"ரெண்டு மூடியா?" என்றாள்.

"ரெண்டு. சில பேரு மூணு."

"எத்தினி படகுல?"

"எல்லா படகுலயுந்தான்."

இன்னும் நாலு மீனை நறுக்கினாள். "அப்போ ஒரு மாசமா என் நண்டுங்களுக்கு சோப்பு போட்டு குளுப்பாட்டிகினு இருந்துகீறே. அதுவும் என் சோப்பையே எடுத்துனு போயி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே மச்சானிடமும் போனேன். அங்கே தலைவரும் இருந்தார். இரண்டு பேரையும் வீட்டுக்குப் பின்னால் கூட்டி வந்து பக்கெட்டுகளைக் காட்டினேன். மச்சான் மூன்றாவது பக்கெட்டைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். தலைவர் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தார்.

"இன்னாடா, நாளிக்கு அவங்க வராங்க, இன்னிக்கு நீ பக்கெட்டு தூக்கினு நிக்கிறே? எத்தினி வருசமா வெந்நீ, வெந்நீன்னு கத்திகினு கீறோம். இப்பத்தான் ஆளுங்க வராங்க. அங்க போயி நீ சோப்புன்னு சொன்னா இன்னா எழுதுவான்? மீனவனே ஊத்துனான், மீனவனே சாவடிச்சான்னு எழுதிட்டு பூடுவான். அப்புறம் வெந்நீய எவன் கேப்பான்?"

"அதுவும் கெட்டதுதான் தலைவரே. இதோ அஞ்சாவது பக்கெட்டு. அத்தயும் காட்டலாம்."

"அத்த மட்டும் காட்டு."

மச்சான் என் தோளில் கை வைத்தார். "மாப்ள, வியாழக்கிழம கழியட்டும். அதுக்கப்புறம் மருந்த நிறுத்திக்கலாம். இப்ப வாய மூடினு இரு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் தொந்தரவு. வாயை மூடினால் வெந்நீர் மேல் புகார் பலமாக நிற்கும். ஆனால் நண்டு சாகக் காரணம் வெந்நீர் என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு மருந்தை எவன் நிறுத்துவான்? கரை சுத்தமாகத் தெரிகிறது, அபராதம் இல்லை. ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். என் மனைவி அடுத்த நண்டு வாங்கிப் போடுவாள், அதுவும் சாகும். பிறகு முட்டியை மடக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவாள்.

வியாழக்கிழமை கரையில் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். நாலு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், நாற்காலியில் உட்காரவில்லை. தோள்பையில் கண்ணாடி பாட்டில்களோடு நேராகத் தண்ணீருக்குப் போனாள். தண்ணீரைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. தலைவர் பேசினார், நன்றாகத்தான் பேசினார். என் மனைவி டப்பைச் சாய்த்தாள். நண்டுகள் பனிக்கட்டியோடு மணலில் விழுந்தன.

பாட்டில்காரப் பெண் ஒரு நண்டை எடுத்து ஓட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பிறகு படகுகளுக்கு நடுவே குனிந்து ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டாள். மூடியை இறுக்கிக் குலுக்கினாள். மேலே நுரை எழுந்தது. அது உடையாமல் நின்றது. அவள் அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"படகுல சோப்பு ஏதாவது போடுறீங்களா?"

தலைவர் சிரித்தார். "பொம்பளைங்க துணி தோய்ப்பாங்கம்மா."

"உப்புத் தண்ணியிலயா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அபராதம், மச்சானின் படகு, தலைவர், நாளைக்கு யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டு.

"நான்தாம்மா போட்டேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "எண்ண தெரியக்கூடாதுன்னு போட்டேன். மத்தவங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"டேய்!" என்றார் தலைவர்.

"வெந்நீயும் கெட்டதும்மா. ரெண்டையும் பாத்துட்டேன். பக்கெட்டுல கீது."

அந்தப் பெண் என்னை அதட்டுவாள் என்று நினைத்தேன். "எந்தப் பக்கெட்?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் வந்து என்னைப் போலவே குந்திக்கொண்டாள். எத்தனை இறால் விட்டீர்கள், எல்லாம் ஒரே அளவா, எத்தனை மணிக்கு முதல் இறால் செத்தது, வாய்க்கால் தண்ணீரை எவ்வளவு நேரம் ஆறவைத்தீர்கள்? நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நான் சொல்வதை யாரும் அதுவரை எழுதியதில்லை. எண்ணெய் எங்கே போகிறது என்று அவளிடம் கேட்டேன். "எங்கயும் போகலண்ணா. பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணிக்குள்ள கலந்துடும். மேல மிதந்தா பஞ்சு போட்டாவது எடுக்கலாம். உடைச்சுட்டா எடுக்கவே முடியாது. நண்டு அந்தத் தண்ணியத்தான் செவுளால இழுக்கும்" என்றாள். போர்டில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "எழுதியிருக்கணும்" என்றாள்.

சோப்பு, வாய்க்கால் இரண்டையும் எழுதிக்கொண்டு, தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனாள். தலைவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மச்சான் மறுநாள் என்னைப் படகுக்குக் கூப்பிடவில்லை, அதற்கு மறுநாளும். டீக்கடையில் "தோ, சோப்பு டாக்டரு வர்றாரு, கைய நீட்டுங்கடா, நாடி பாப்பாரு" என்றார்கள். படகு மேல் நடவடிக்கை வரும் என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். வரவில்லை. டிரம்முக்கு மட்டும் புது மூடி வந்தது. மருந்தை விட்டுவிட்டு எல்லோரும் மறுபடி டிரம்மிலேயே ஊற்ற ஆரம்பித்தார்கள்.

எடுத்துப்போக ஆள் வேண்டுமே. கையில் வேலை இல்லாத நாட்களில் அதற்கு அலைந்தேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் விசாரித்ததில், கட்டிட வேலைக்கு சென்ட்ரிங் பலகை வாடகைக்கு விடுகிற ஒருவர் கிடைத்தார். கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகையில் பழைய ஆயில் பூசுவார்களாம். டிரம்மில் சோப்பு கலக்காமல் விட்டால் எண்ணெய் தானே மேலே வந்து நிற்கும். அவர் வாரம் ஒரு முறை வந்து அதை எடுத்துக்கொள்கிறார். எண்ணெய்க்கு அடியில் நிற்கிற தண்ணீர்தான் இன்னும் மிச்சம். அதை எடுக்க லாரி வரும் என்றார்கள், இரண்டு முறை வந்தது, மூன்றாவது வாரம் வரவில்லை. டிரம் நிறைந்தபோது மச்சான்தான் போன் போட்டுச் சண்டை பிடித்தார். அதற்கு மறுநாள் என்னைப் பார்த்து, "மாப்ள, இன்ஜின்ல சத்தம் மாறிகீது, வந்து பாரு" என்றார். சத்தம் மாறவில்லை. போய்ப் பார்த்தேன்.

என் மனைவி பன்னிரண்டு நண்டு வாங்கினாள். பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றேன். "இங்கதான்" என்றாள். காலையில் படகுகள் வருகிற நேரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அரிவாள்மனையோடு அங்கேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு இன்ஜின்காரன் கையையும் பார்ப்பாள். பக்கத்துப் படகுக்காரர் ஒரு நாள் பாட்டிலை எடுத்துவிட்டு, அவளைப் பார்த்து, "டீ கிளாஸ் கழுவ எடுத்தேம்மா" என்றார். "கழுவு, கழுவு. கரைல வந்து கழுவு" என்றாள்.

இருபத்தைந்தாம் நாள் பெட்டிகளைத் திறந்தாள். நான் தூக்கிக் கொடுத்தேன், அவள் அழுத்திப் பார்த்தாள். படகுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். முதலாவது கெட்டி. இரண்டாவது கெட்டி. அவள் கட்டை விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்தினாள். ஒன்பது வரை கெட்டி. பத்தாவது பெட்டி கனம் குறைவாக இருந்தது. தூக்கும்போதே தெரிந்துவிட்டது. பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் செத்திருந்தன. முந்தின நாள் சாயங்காலம் தீனி தின்ற நண்டுகள்.

அவை மேல்முனைப் பெட்டிகள்.

என் மனைவி மூன்றையும் வரிசையாகப் பலகையில் வைத்தாள். படகுகளைப் பார்த்தாள், பிறகு மேல்பக்கம் பார்த்தாள். தலைவர் தன் வீட்டு வாசலிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல நடந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார். எந்தப் பெட்டி என்று கையால் மட்டும் கேட்டார். காட்டினேன்.

பாட்டில்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவள் கேட்டது, எத்தனை, எந்த முனை, எப்போது பார்த்தீர்கள். சொன்னேன். "இப்ப தண்ணி எப்படி இருக்குண்ணா, கடல் ஏறுதா இறங்குதா? சூடு இருக்கா?" என்றாள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, போனைத் தலைவர் கையில் கொடுத்து, கடைசிப் பெட்டிக்கு அருகே இறங்கி கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். கடல் வற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து எங்களை நோக்கி வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.